கை சும்மா இருக்க ஒரு கச்சை: பம்ப் வைக்கும் தாய்மாருக்கு உள்ளாடை தைக்க முழுமையான வழிகாட்டி

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் தையல் கடைக்கு ஒரு நாள் மாலை அந்தப் பெண் வந்தார். ஒயிட்ஃபீல்டில் வேலை, வீட்டில் ஆறரை மாதக் குழந்தை. பையிலிருந்து தாய்ப்பால் எடுக்கும் பம்ப் ஒன்றை எடுத்து வெட்டு மேஜையில் வைத்தார். "அக்கா, இரண்டு புனலையும் பிடித்துக்கொள்ளவே இரண்டு கையும் போய்விடுகிறது. இருபது நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஆக, தினமும் ஒரு மணி நேரம் சுவர்தான்" என்றார். கடையில் வாங்கிய உள்ளாடை ஒன்றும் அவரிடம் இருந்தது. அதைப் போட்டால் பாட்டில் தொங்குகிறது, காற்று புகுகிறது, பால் வயிற்றில் வழிகிறது என்றார்.

துணியில் இரண்டு ஓட்டை போடுவதற்கு என்ன பெரிய வித்தை வேண்டும் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். நான்கு கச்சைகள் வீணான பிறகுதான் ஓட்டை போடுவது கடைசி வேலை, இழுவையைச் சரியாக வைப்பதுதான் முதல் வேலை என்பது புரிந்தது. அந்த நான்கும் கற்றுக் கொடுத்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். பிளவுஸ் தைக்கத் தெரிந்தவர் எவரும் இதைத் தைக்கலாம்.

முதல் படி: பம்ப்பைப் பிரித்துப் பாருங்கள்

துணியைத் தொடுவதற்கு முன் பம்ப்பை மேஜையில் பரப்பிவையுங்கள். மார்பில் பொருந்தும் புனல், அதன் கழுத்து, கழுத்தோடு சேரும் இணைப்பு, அதன் அடியில் வால்வு, பாட்டில், மோட்டாருக்குப் போகும் மெல்லிய ட்யூப். பெட்டியில் 21, 24, 27, 28 மி.மீ. என்று அச்சிட்டிருப்பது கழுத்தின் உள் விட்டம். காம்பின் அளவு பார்த்து வாங்க வேண்டியது அது. புனல் அளவு தப்பாக இருந்து வலித்தால் எந்தத் தையலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. முதலில் புனலை மாற்றச் சொல்லுங்கள்.

தைப்பவருக்கு வேண்டியது கழுத்தின் வெளிச்சுற்று. ஒரு நூலைச் சுற்றிப் பிடித்து ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளுங்கள். அன்று என் மேஜைக்கு வந்த 24 மி.மீ. புனலின் வெளி விட்டம் 30 மி.மீ. இருந்தது; அதாவது சுற்றளவு ஏறக்குறைய 94 மி.மீ.

இன்னொன்றையும் கையோடு பார்த்துவிடுங்கள். புனல் இணைப்பிலிருந்து தனியே கழல்கிறதா, அல்லது இரண்டும் ஒரே வார்ப்பா? கழன்றால் புனலை உள்ளே வைத்து, கழுத்தைத் துணிக்கு வெளியே நீட்டி, அதற்குப் பிறகு பாட்டிலை மாட்டலாம். ஒரே வார்ப்பாக இருந்தால் சிறிய ஓட்டை வழியாக அது எந்தப் பக்கமும் போகாது. ஓட்டையை முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. முதல் கச்சை வீணானது அப்படித்தான்.

பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டிவிட வேண்டாம். கச்சை நிற்பதும் தொங்குவதும் இதில்தான் இருக்கிறது.

தாய்ப்பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. 150 மி.லி. பால் ஏறக்குறைய 155 கிராம் இருக்கும். அதோடு பாட்டில், இணைப்பு, வால்வு எல்லாம் சேர்ந்து மார்பிலிருந்து சில இஞ்ச் வெளியே தள்ளித் தொங்குகின்றன. பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, புனலை ஒரு தலையணையில் பொருத்திப் பாருங்கள். புனலின் கீழ்விளிம்பு தலையணையில் அழுந்தும், மேல்விளிம்பு கிளம்பும். காற்று புகுவது அந்த மேல்விளிம்பு வழியாகத்தான். காற்று புகுந்தால் உறிஞ்சும் வலு குறையும், மோட்டாரின் ஓசை மாறும், பால் வருவது மெதுவாகும்.

இடுப்பில் குடம் சுமந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடம் இடுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பாரம் வெளியே சாயத்தான் பார்க்கும். கை குடத்தின் கழுத்தை வளைத்து உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. நம் கச்சையில் அந்தக் கையின் வேலையைச் செய்வது கழுத்துக்கு மேலே இருக்கும் துணி. கீழே இருக்கும் துணி இடுப்பைப் போலத் தாங்கினால் போதும். எனவே மேல்பாதி உறுதியாகவும் கீழ்ப்பாதி மெத்தென்றும் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய அந்த உள்ளாடையில் இரண்டு பாதியும் ஒரே துணி. தொங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, திறப்பின் திசை. இரண்டாவது கச்சையில் நான் செங்குத்தாகத் திறப்பு வைத்தேன். சட்டைக்குக் காஜா எடுப்பது போல மேலிருந்து கீழாக, பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. உடம்பில் ஏற்றியதும் இரண்டு திறப்பும் மீன் வாய் போலப் பிளந்துகொண்டன. யோசித்தால் காரணம் எளிது. கச்சை உடம்பைச் சுற்றிப் பக்கவாட்டில் இழுபடுகிறது. செங்குத்தான திறப்பை அந்த இழுவை பிளக்கிறது. கிடைவாக்கில் வைத்த திறப்பை அதே இழுவை மூடுகிறது. கிடைவாக்குத் திறப்பில் கழுத்தை நுழைத்தால் மேலுதடும் கீழுதடும் தனித்தனிப் பட்டைகளாகக் கழுத்தை மேலும் கீழும் கவ்விக்கொள்ளும். நமக்கு வேண்டியதும் அதுவே.

இந்தக் கிடைவாக்குத் திறப்பை நடுப்பட்டி முதல் பக்கத் தையல் வரை நீட்டிவிட்டால் அது ஓட்டையாகவே இருக்காது. ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு மடல்களாகிவிடும். ஒரே வார்ப்புப் புனலும் அதில் நுழையும், வீட்டில் குழந்தைக்கு நேராகப் பால் கொடுக்கவும் அதே திறப்புப் போதும். கீழே சொல்லும் கச்சை இந்த மடல் வகைதான்.

இரண்டாம் படி: அளவு

பிரசவமான உடனே அளவெடுக்க வேண்டாம். முதல் ஆறு வாரங்களில் மார்பின் அளவு வாரத்துக்கு வாரம் மாறும். சுரப்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு எடுக்கும் அளவுதான் நிற்கும்.

மார்புச் சுற்றை இரண்டு தடவை எடுக்க வேண்டும்: பால் நிறைந்திருக்கும்போது ஒன்று, குழந்தை குடித்து முடித்தபின் ஒன்று. அந்த வாடிக்கையாளருக்கு நிறைந்த அளவு 38, குடித்தபின் 36½ இஞ்ச். நிறைந்த அளவை மட்டும் வைத்து வெட்டினால் பம்ப் ஓடிப் பத்து நிமிடத்தில் கச்சை தளர்ந்து புனல் நழுவும். வெறும் அளவை மட்டும் வைத்து இறுக்கினால் பால் கட்டிய நேரத்தில் அழுத்தி வலிக்கும். அழுத்தம் நீடித்தால் பால் நாளம் அடைத்துக்கொள்ளும்.

பிறகு மார்புக்கு அடியில் சுற்று (அவருக்கு 32), தோளிலிருந்து காம்பு வரை உயரம், ஒரு காம்பிலிருந்து இன்னொரு காம்புக்கு அகலம், மார்படியிலிருந்து காம்பு வரை உயரம். பிளவுஸுக்கு நிற்க வைத்து அளப்போம். இதற்கு உட்கார வைத்து அளக்க வேண்டும், லேப்டாப் முன்னால் எப்படி உட்காருவாரோ அப்படியே, பஞ்சு வைத்த உள்ளாடை இல்லாமல். நின்றால் ஓரிடம், உட்கார்ந்து சற்று முன்சாய்ந்தால் வேறிடம் என்று காம்பு மாறும். பம்ப் ஓடுவது உட்கார்ந்திருக்கும்போதுதான்.

மூன்றாம் படி: துணியும் சாமானும்

அல்சூரிலிருந்து மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் மெஜஸ்டிக் போய், பச்சைக்கு மாறினால் அடுத்த நிலையம் சிக்பேட். எலாஸ்டிக், கொக்கிப் பட்டி, வளையம், ஜிப் எல்லாவற்றையும் அங்கே ஒரே நடையில் வாங்கிவிடலாம். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் துணியை இழுத்துப் பார்க்கக்கூட இடம் கிடைக்காது. இழுத்துப் பார்க்காமல் இந்தத் துணியை வாங்கவும் கூடாது.

உள்துணிக்குப் பருத்தி லைக்ரா பின்னல் துணி, 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் லைக்ரா, சதுர மீட்டருக்கு 180 முதல் 220 கிராம் கனம். பனியன் துணி என்று கேட்டால் லைக்ரா கலக்காததைக் கொடுத்துவிடுவார்கள். லைக்ரா வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். சோதனை இதுதான்: அகலவாக்கில் 4 இஞ்சைப் பிடித்து இழுத்தால் சிரமமில்லாமல் 6 இஞ்ச் வர வேண்டும், விட்டதும் மறுபடி 4 ஆக வேண்டும். 4¼ என்று நின்றால் அந்தத் துணி மதியத்துக்குள் தொளதொளத்துவிடும், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 60 இஞ்ச் அகலத் துணியில் அரை மீட்டருக்குச் சற்று மேல் எடுத்தால் ஒரு கச்சைக்குத் தாராளம்.

மேல்மடலுக்கு வெளிப்புறமாகப் பவர் நெட். சிறு துளைகள் உள்ள, இழுத்தால் எதிர்த்து நிற்கும் வலைத்துணி அது. குடத்தின் கழுத்தைப் பிடிக்கும் கை என்றேனே, அது இதுதான். காற்றும் போகும். பெங்களூருக் குளிரில் முழுக் கச்சையையும் இதிலேயே தைத்தாலும் தாங்கிக்கொள்ளலாம். சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு அப்படி ஒன்று தைத்து அனுப்பினேன்; இரண்டே நாளில் வேர்க்குரு வந்தது, கச்சையும் திரும்பி வந்தது. உடம்பில் படுவது எப்போதும் பருத்தியாகவே இருக்கட்டும்.

மார்படிக்கு முக்கால் இஞ்ச் மெத்துமுதுகு எலாஸ்டிக், அதாவது உடம்பில் படும் பக்கம் மெத்தென்றிருப்பது. மடல் விளிம்புகளுக்கு மடித்துத் தைக்கும் எலாஸ்டிக், அரை இஞ்ச். முன்பக்கம் பிளாஸ்டிக் பல் ஜிப், அடிவரை பிரிந்து கழல்வது. பின்பக்கம் மூன்று வரிசைக் கொக்கிப் பட்டி. தோள்பட்டைக்கு அதிகம் இழுபடாத பட்டை, வளையம், ஏற்றி இறக்கும் சறுக்கி. வெல்க்ரோவை வாங்காதீர்கள். நிசப்தமான அறையில் அதைப் பிரிக்கும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். துவைக்கும்போது லைக்ராவைக் கடித்து நூல் இழுத்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. இளஞ்சாம்பல் வேண்டாம். ஒரு துளி விழுந்தாலும் நாலணா அளவுக்குக் கறுத்துக் காட்டும். கருநீலம், மெரூன், பூப்போட்டது எதுவானாலும் நல்லது.

நான்காம் படி: வெட்டு

கணக்கை அந்த வாடிக்கையாளரின் அளவிலேயே சொல்கிறேன். உங்கள் அளவைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

மார்பு மட்டத்தில் முடிந்த அளவு, குடித்தபின் எடுத்த அளவைவிட ஐந்து முதல் ஆறு சதவீதம் குறைவாக இருக்கட்டும். 36½க்கு 34½. இதனால் பால் நிறைந்த 38லும் துணி பத்து சதவீதம்தான் நீளும். 50 சதவீதம் நீளக்கூடிய துணிக்கு அது மென்மையான அணைப்பு. மார்படியில் எட்டு சதவீதம் குறைத்து 29½. கச்சை மேலே ஏறாமல் பிடித்துக்கொள்வது இந்த அடிப்பட்டை. இங்கே கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் தவறில்லை.

34½ஐ முன்னுக்கு 18½, பின்னுக்கு 16 என்று பிரியுங்கள். அடியில் முன் 15, பின் 14½. முன்பக்கம் மார்பு மட்டத்துக்கும் அடிக்கும் 3½ இஞ்ச் வித்தியாசம் வருகிறது. பிளவுஸ் பழக்கத்தில் கை தானாக டாட் (கூம்பாக முடியும் மடிப்புத் தையல்) பிடிக்கப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். டாட்டின் முனை ஓரிடத்தில் குத்தி அழுத்தும், மார்பின் அளவு மாறும்போது முனை வேறிடத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு மார்புக்கும் நேர் கீழே 1¾ இஞ்சைச் சுருக்கமாக இழுத்துவிடுங்கள். சுருக்கம் எந்த அளவுக்கும் இடம் கொடுக்கும்.

கீழ்மடல் மார்படியிலிருந்து எழும்பி, காம்பு மட்டத்தைத் தாண்டி முக்கால் இஞ்ச் மேலே முடியும். மேல்மடல் காம்புக்கு மூன்றரை இஞ்ச் மேலிருந்து இறங்கி, காம்பு மட்டத்துக்கு முக்கால் இஞ்ச் கீழே முடியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அகலம் ஒன்றரை இஞ்ச். இதைவிடக் குறைத்தால் குனியும்போது வாய் திறக்கும். கூட்டினால் கழுத்தை நுழைக்க மடலை மிகத் தூக்க வேண்டியிருக்கும், தூக்கிய துணி மேலே மடிந்து புடைக்கும். மேல்மடல் வெளியே, கீழ்மடல் உள்ளே.

இழுவைத் திசை உடம்பைச் சுற்றி வர வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். என் மூன்றாவது கச்சையில் ஒரு மேல்மடல் மட்டும் திரும்பிப் போயிருந்தது. இடது பக்கம் நின்றது, வலது பக்கம் தொங்கியது. காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது.

பக்கத் தையலில் உள்ளே ஒரு இஞ்ச் விடுங்கள். ஏன் என்பது கடைசியில் வரும்.

ஐந்தாம் படி: தையல்

ஊசி 11ஆம் எண், பின்னல் துணிக்கான உருண்டை முனை. கூர் ஊசி லைக்ரா இழையை அறுத்துவிடும்; துவைத்த பிறகுதான் சிறு ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். நூல் பாலியஸ்டர். தையல் ஒடுக்கமான ஜிக்ஜாக், அகலம் ஒன்றரை, நீளம் இரண்டரை மி.மீ. வீட்டில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கறுப்பு மிஷின் என்றால் அதில் வேண்டாம். எவ்வளவு இழுத்துப் பிடித்துத் தைத்தாலும், மூச்சை இழுத்து விடும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும். துண்டுகளை வெட்டி நூலோட்டி, தெருமுனை ஓவர்லாக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

மேல்மடலில் பருத்தியும் பவர் நெட்டும் சேர்த்து ஒரே துணியாக ஓரம் தைத்துக்கொள்ளுங்கள். கீழ்மடலுக்குப் பருத்தி இரண்டு மடிப்பு. அடுத்து மடல் விளிம்பு: மடிப்பு எலாஸ்டிக்கை விளிம்பைவிடப் பத்து சதவீதம் குறைவாக வெட்டி, சீராக இழுத்துத் தையுங்கள். 9 இஞ்ச் விளிம்புக்கு 8 இஞ்சும் ஒரு நூலும் (ஒரு நூல் என்பது எட்டில் ஒரு இஞ்ச்). துணியை மிஷின் இழுத்துத் தின்றால் அடியில் தினசரித் தாள் ஒரு கீற்று வைத்துத் தைத்து, முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

பிறகு மேல்மடலைக் கீழ்மடல்மேல் படிய வைத்து, நடுவிலும் பக்கத்திலும் பிடித்துத் தையுங்கள். ஒவ்வொரு மடல் திறப்பும் முடியும் நான்கு மூலைகளிலும் ஜிக்ஜாக்கை நெருக்கி முன்னும் பின்னும் நாலைந்து ஓட்டம் ஓட்டிவிடுங்கள். கிழிசல் ஆரம்பிக்கும் இடம் அந்த மூலைகள்தான்.

முன் ஜிப்புக்குப் பின்னால் ஒரு இஞ்ச் அகலத்தில் உள்பட்டி கட்டாயம். ஜிப் பல் தோலில் பட்டால் எவ்வளவு நல்ல கச்சையும் அலமாரிக்குள் போய்விடும். முன்னால் ஜிப், பின்னால் கொக்கி என்று இரண்டு திறப்பு எதற்கு என்று கேட்பார்கள். பின்னால் மூன்று வரிசையில் அன்றைக்குப் பொருந்தும் வரிசையைக் காலையில் ஒரு தடவை போட்டுவிட்டால் போதும். அலுவலகத்தில் மாட்டக் கழற்ற ஜிப் ஒரே இழுப்பு. தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு கையால் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஜிப்பின் இழுப்பானில் ஒரு துண்டு நாடாவைக் கட்டிவிடுங்கள்.

தோள்பட்டையைக் காம்புக்கு நேர் மேலே வையுங்கள், அக்குள் பக்கம் தள்ளாமல். மேல்மடலை நிமிர்த்திப் பிடிப்பது அந்த நேர் இழுவை.

ஆறாம் படி: தண்ணீர் ஒத்திகை

தையல் முடிந்ததும் பாலோடு பரீட்சை வைக்காதீர்கள். இரண்டு பாட்டிலிலும் 150 மி.லி. தண்ணீர் ஊற்றி, மோட்டாரை ஓட்டாமல், கச்சையில் மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் பாட்டில் இறங்கினால் தோள்பட்டையை ஏற்றுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் மேல்மடல் எலாஸ்டிக்கைக் கால் இஞ்ச் குறையுங்கள். கீழ்மடலை இறுக்கி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கீழ்விளிம்பு ஏற்கெனவே அழுந்திக்கொண்டிருக்கிறது.

பிறகு மோட்டாரோடு. உஸ் என்று காற்று இழுக்கும் ஓசை கேட்டால் மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இருபது நிமிடம் கழித்துக் கழற்றியதும் தோலில் மெல்லிய கோடு இருந்து சிறிது நேரத்தில் மறைந்தால் சரி. பள்ளம் போலப் பதிந்து நின்றால், அல்லது மார்பில் எங்காவது கட்டி தட்டுப்பட்டால் தளர்த்த வேண்டும். கட்டியோடு சிவப்பும் காய்ச்சலும் வந்தால் அது தையல்காரரின் வேலை இல்லை. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பம்ப் முடிந்த பிறகும் நாள் முழுவதும் இதே கச்சையோடு இருப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஜிப்பைக் கழற்றி வழக்கமான உள்ளாடைக்கு மாறிவிடச் சொல்வேன்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும், இன்று சனிக்கிழமை என்பவர்களுக்கு: பழைய ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றைப் போட்டுக்கொண்டு காம்பு மட்டத்தில் குறியிட்டு, கழற்றி, கிடைவாக்கில் 38 மி.மீ. நீளத்துக்குக் காஜா போல ஜிக்ஜாக் ஓட்டி, அதற்குப் பிறகு நடுவில் வெட்டுங்கள். வெட்டிவிட்டுத் தைக்கப் போனால் துணி சுருண்டு கண்ணீர் வரும். 94 மி.மீ. சுற்றளவுள்ள கழுத்துக்கு இந்த நீளம் சரி. கழலும் புனலுக்கு மட்டுமே இது உதவும்.

மோட்டாரும் கிண்ணமும் ஒன்றாக உள்ளாடைக்குள்ளேயே போகும் புதுவகைப் பம்ப்புக்கு ஓட்டையே வேண்டாம். அதற்கு வேண்டியது ஆழம். கிண்ணத்தின் தடிமன் எத்தனை இஞ்ச் என்று அளந்து, சுருக்கத்தை அதற்கேற்பக் கூட்டி, பவர் நெட்டை விட்டுவிடுங்கள். இறுக்கினால் நிறைந்த கிண்ணம் கசியும்.

மேலே போடும் உடுப்பு

கச்சை நன்றாக அமைந்தும் மேலே போட்ட உடுப்பு கெடுத்துவிடுவது உண்டு. சேலை கட்டுபவருக்கு வசதி அதிகம்: முந்தானை போதும். பிளவுஸில் முன்கொக்கி இருக்க வேண்டும். முதுகில் கொக்கி வைத்த நாகரிகப் பிளவுஸை ஒரு வருடத்துக்கு மூட்டை கட்டி வையுங்கள். கீழிருந்து மூன்று கொக்கிகளுக்குப் பதிலாக அழுத்திப் போடும் டிச் பட்டன் வைத்து, மார்புச் சுற்றில் அரை இஞ்ச் தளர்த்திவிட்டால் பாட்டிகள் பால் கொடுத்தது போலவே கீழிருந்து தூக்கிக்கொள்ளலாம். பிளவுஸே புனலைப் பிடிக்கும்படி தைக்கச் சொல்லி ஒருவர் கேட்டார். இழுபடாத துணியால் அது முடியாது. பிடிப்பது உள்ளே இருக்கும் கச்சை, மறைப்பது பிளவுஸ்.

குர்த்தியில் மார்பின்மேல் நீளவாக்கில் இறங்கும் இரண்டு பிரின்சஸ் தையல்களிலும் மறைவு ஜிப், 8 இஞ்ச். ட்யூப் அந்த வழியாகவே வெளியே வரட்டும். இடுப்பு வழியாக விட்டால் உட்காரும்போது மடிந்து காற்று அடைபடும். மோட்டாருக்கு இடுப்பில் ஒரு சிறு பை தைத்துக் கொடுத்தேன். ஒயிட்ஃபீல்டு வாடிக்கையாளர் அதைத் தொடவே இல்லை. அலுவலக அடையாள அட்டையின் கழுத்துப் பட்டையில் மோட்டாரை மாட்டிக்கொண்டுவிட்டார்.

அலுவலகமும் சட்டமும்

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு கொடுத்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை அங்கே போய்வரலாம் என்றது. பம்ப் வைக்க ஒரு அறை என்பதைப் பற்றி அது பேசவில்லை. 26 வாரம் முடியும்போது குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு திட உணவோடு தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆக, பம்ப் தேவைப்படத் தொடங்கும் நாளும் விடுப்பு தீரும் நாளும் ஒன்றாகவே வருகின்றன. எடுத்த பாலை 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். ஏப்ரல் மாத பெங்களூருவில் அறைக் கணக்கை நம்ப வேண்டாம். ஐஸ் வைத்த பை எடுத்துப் போங்கள்.

இந்தக் கருவிக்கு வயது குறைவு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1854லேயே ஒரு பம்ப்புக்குக் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். 1920களில் எட்வர்ட் லாஸ்கர் என்ற பொறியாளர் மின்சாரத்தில் ஓடுவதை வடிவமைத்தார். அவர் பெயர் பெற்ற சதுரங்க ஆட்டக்காரரும்கூட. அத்தனை காய்களையும் யோசித்தவர், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைகளைப் பற்றியும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

துவைப்பதும், பிறகு பிடித்துத் தைப்பதும்

பால் பட்ட இடத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். நேரே சுடுதண்ணீரில் போட்டால் கறை படிந்து நிற்கும், லைக்ராவும் தளரும். முறுக்கிப் பிழியாமல் அமுக்கிப் பிழிந்து நிழலில் காயப்போடுங்கள். பவர் நெட்மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. பெங்களூரு மழையில் ஒன்று காய ஒன்றரை நாள் ஆகும். குறைந்தது மூன்று தைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு சுரப்பு குறையும், மார்பும் சுருங்கும், கச்சை தளரும். புதிதாகத் தைக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கத் தையலையும் அரை அரை இஞ்ச் உள்ளே தள்ளிப் புதுத் தையல் ஓட்டினால் சுற்றில் இரண்டு இஞ்ச் குறையும். அடுத்த குழந்தைக்குப் பிரித்து மறுபடி விரித்துக்கொள்ளவும் உள்ளே துணி இருக்கும்; பக்கத் தையலில் ஒரு இஞ்ச் விடச் சொன்னது அதற்குத்தான்.

அந்த வாடிக்கையாளர் பத்தாம் மாதத்தில் வந்து அப்படிப் பிடித்துத் தைத்துக்கொண்டு போனார். போகும்போது, தன் அலுவலகத் தோழிக்கு என்று ஒரு தாளைக் கொடுத்தார். அதில் அளவுகள் வரிசையாக எழுதியிருந்தன: நிறைந்தபோது 41, குடித்தபின் 39, உட்கார்ந்து எடுத்தது. அடியில் சிவப்பு மையில், "புனல் ஒரே வார்ப்பு."